மதிவதனி கலந்த பச்சை

மதிவதனியின் விரல் நகங்களைப் பார்த்தாலே அந்த வாரம் அவள் கடையில் எந்த வேலை நடக்கிறது என்று சொல்லிவிடலாம். கறுப்பாக இருந்தால் யாரோ டாக்டர் வீட்டுக் கார். தேன் நிறமாக இருந்தால் ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர் ஒருவர் தன் பழைய தோல் பையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். என்ன போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் ஒரு கோடு மிஞ்சும். 2023 கார்த்திகையில் அந்தக் கோடு பச்சையாக இருந்தது. அது முழுசாகப் போக நாலு மாதம் பிடித்தது என்றாள்.

திருவண்ணாமலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் புது வீடுகள் தொடங்கும் இடத்தில் அவளுடைய தகரக் கொட்டகை. உள்ளே ஒரு கம்ப்ரசர், ஸ்ப்ரே கன், வரிசையாகச் சாய டப்பாக்கள். கார் சீட்டு, சோபா, பை, செருப்பு என்று தோலில் செய்த எதற்கும் நிறம் மாற்றித் தருவாள். என் தோல் பையைக் கொடுக்கப் போன இடத்தில்தான் பழக்கம். இந்தக் கதையை அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு வேலையைப் பார்ப்பாள். அடுத்த முறை போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் கூலிக்குக் களை எடுத்த குடும்பம். பன்னிரண்டாவது முடித்ததும் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குப் போனாள். பதிமூன்று வருஷம் தோலுக்குச் சாயம் ஏற்றும் பிரிவில் நின்றாள். அங்கே அவள் கண் கூர்மையானது, மூக்கு செத்துப்போனது. இரண்டு சிவப்புக்கு நடுவே மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் கண்டுபிடிப்பாள். ஆனால் அடுப்பில் பால் தீய்ந்தால் தெரியாது, மல்லிகைப்பூவை முகத்தில் வைத்தாலும் தெரியாது. சாயத்தைக் கரைக்கிற தின்னரும் சாயப் புகையும் செய்த வேலை. கொரோனாவில் ஷிப்டு குறைந்தபோது ஊருக்குத் திரும்பி இந்தக் கடையைப் போட்டாள். கணவன் பாலாஜி கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் வேன் ஓட்டுகிறான்.

ஐப்பசி கடைசியில் ஒரு மத்தியானம், மழை விட்ட நேரத்தில், அந்தக் கார் வந்து நின்றது. ஆமை ஓடு போன்ற உருண்டை முதுகு கொண்ட பழைய மோரிஸ் மைனர். சாம்பல் நிறம். ஓட்டி வந்தவருக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சலவைச் சட்டை, கறுப்புப் பேண்ட். இன்ஜின் தானே அணைந்துபோன பிறகும் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். வண்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

"இன்னாங்க சத்தம்?" என்று மதிவதனி கேட்டாள்.

"பெட்ரோல் பம்ப்மா. பழைய வண்டி. சாவி போட்டிருக்கிற வரைக்கும் அடிக்கும்." அவர் சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றது.

அவர் பெயர் குணபாலன். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே போகும் ஒரு ஜைன ஊர். விவசாய இலாகாவில் விதை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி அவருடைய அப்பா வாங்கியது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கொட்டகையில் சும்மா நின்றதை இரண்டு வருஷம் முன்புதான் மெக்கானிக்கை வைத்து ஓடச் செய்தாராம்.

உள்ளே இருக்கைகள் அடர்ந்த சிவப்பாக இருந்தன. நல்ல தோல். ஆனால் அந்தச் சிவப்பு தோலோடு பிறந்ததல்ல, பிறகு அடித்தது என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. தையல் நூலும் சேர்ந்து சிவந்திருந்தது.

"இந்தச் செவப்பு எனக்கு வேணாம்மா. முன்ன இருந்த பச்சை வேணும்."

"எந்தப் பச்சைங்க? பச்சையில நூறு இருக்குது."

"தொண்ணூத்தி ரெண்டுல இருந்த பச்சை," என்றார். அது ஒரு சாயத்தின் பெயர் போலச் சொன்னார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தார். காரின் திறந்த கதவில் கை வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். முப்பது வயதுக்குள் இருக்கும். நீளமான ஒற்றைப் பின்னல் தோளுக்கு முன்னால் விழுந்திருக்கிறது. பழைய கலர் போட்டோ என்பதால் எல்லாமே செம்மண் நிறத்துக்குப் போயிருந்தது. முகமும் மங்கல்தான். அவளுக்குப் பின்னால் இருக்கை தெரிந்தது, அதன் நிறம் தெரியவில்லை.

"வூட்டம்மாங்களா?"

"ஆமா. ஜ்வாலாமாலினி." போட்டோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "ஒரு விஷயம்மா. முன்னாடி இடது சீட்டை மட்டும் கழட்டாத. வெச்ச இடத்துலயே அடிச்சிடு."

அவர் பஸ் ஏறிப் போனார். மதிவதனி வேலையைத் தொடங்கினாள். சிவப்பின் மேல் நேராகப் பச்சை அடித்தால் சிவப்பு ஊறி மேலே வந்து எல்லாம் சேற்று நிறமாகிவிடும். அதனால் முதலில் சிவப்பை எடுக்க வேண்டும். தின்னரில் துணியை நனைத்துத் தேய்த்தாள், பிறகு சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். இரண்டு நாளும் கடை வாசலில் சிவப்புத் தண்ணீர் ஓடிச் சாக்கடையில் இறங்கியது. எதிரில் இட்லிக் கடை வைத்திருக்கும் வெள்ளையம்மாள் தெருவைத் தாண்டி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி மதி, உள்ள ஆடு கீடு அறுக்கிறியா?"

"சாயம்க்கா."

"ஜாஸ்தியா வருதேடி. அந்தச் சின்ன வண்டிக்குள்ளயா இவ்ளோ இருந்துச்சு?"

மற்ற இருக்கைகளில் சிவப்பு ஓரளவு விட்டது. இடப்பக்கத்து முன் இருக்கையில் மட்டும் தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தது. அந்த இருக்கையில் வெயில் ஜாஸ்தி பட்டிருக்கும், சாயம் ஆழமாக இறங்கியிருக்கும் என்று மதிவதனி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பச்சை கலந்து அட்டையில் அடித்துக் காட்டினாள். குணபாலன் வந்து அட்டையை இடப்பக்கத்து இருக்கையில் வைத்துப் பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார். "இல்லம்மா." இரண்டு நாள் கழித்து வேறொன்று. "இல்ல." மூன்றாவதைக் கையில் வாங்காமலே தலையை ஆட்டினார்.

மதிவதனிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஐயா, முப்பது வருசத்துக்கு முன்னாடி பாத்த கலரு. கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா யாருக்குங்க தெரியப் போவுது?"

"அவளுக்குத் தெரியும்மா."

அன்றைக்குத்தான் சொன்னார். தொண்ணூற்று இரண்டு கார்த்திகையில் நல்ல மழை. அவர்கள் ஊருக்கு முன்னால் ஒரு தரைப்பாலம் இருக்கிறது. ஏரி நிரம்பினால் வெள்ளம் அதன் மேல் போகும். ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் காரில் வந்துகொண்டிருந்தார்கள். மாலினி மல்லாட்டை, வேர்க்கடலைதான், வாங்க வேண்டும் என்று பாலத்துக்கு இந்தப் பக்கம் இறங்கினாள். திரும்பி வரவில்லை. நாலு நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. ஐந்து வயதுப் பெண் குழந்தை வீட்டில் இருந்தது. இருக்கையின் பச்சையைப் பார்க்க முடியாமல் வேலூரில் கொடுத்துச் சிவப்பு அடித்தார். அப்படியும் பார்க்க முடியாமல் வண்டியைக் கொட்டகையில் விட்டுப் பூட்டினார்.

"ரெண்டு வருசம் முன்ன ரிப்பேர் பண்ணி ஓட்டினேன். பொழுது சாயற நேரம். அதே எடத்துல நிக்கிறா. வண்டிய நிறுத்தினேன். குனிஞ்சு ஜன்னல் வழியா உள்ள பாத்தா. சீட்டைத்தான் பாத்தா, என்னைப் பாக்கல. அப்புறம் நிமிந்து, இல்லன்னு தலைய ஆட்டிட்டுத் தள்ளி நின்னுட்டா. வேற யாரோட வண்டியோன்னு நெனச்சிட்டாம்மா. மழைக்காலத்துல எப்ப போனாலும் அதே மாதிரிதான். குனிஞ்சு பாப்பா. தலைய ஆட்டுவா."

 பேய் பிசாசு என்று பயப்படுகிறவள் அல்ல மதிவதனி. வயசானவர், தனியாக இருக்கிறார், மனசு பிசகியிருக்கிறது என்றுதான் நினைத்தாள். ஆனால் அவர் போன பிறகு வேலை ஓடவில்லை. அந்த இருக்கையின் பக்கம் முதுகைக் காட்டி நிற்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னாள்.

மற்ற இருக்கைகளில் அடி மடிப்பு வரைக்கும் சிவப்பு ஏறியிருந்ததால் சரியான நிறம் தெரிய ஒரே வழிதான் இருந்தது. மறுநாள் காலை அவர் கழற்ற வேண்டாமென்று சொன்ன அந்த இருக்கையையே கழற்றினாள். அடியில் தோலை உள்ளே மடித்து ஆணி அடித்திருந்தார்கள். ஆணியைப் பிடுங்கி மடிப்பைப் பிரித்தாள். வெயிலும் படாமல் வேலூர்ச் சிவப்பும் எட்டாமல் ஒரு விரல் அகலத்துக்கு மூலப் பச்சை இருந்தது. மழைக்குப் பிறகு நாலாம் நாள் நிலத்தில் மல்லாட்டைச் செடி காட்டும் பச்சை. கொஞ்சம் நீலம் கலந்தது. மடிப்புக்குள் கறுத்துப்போன ஓட்டுத் துண்டுகள் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. கிள்ளிப் பார்த்தாள். மல்லாட்டைத் தோடு. குப்பையில் போட்டுவிட்டு அந்தப் பச்சையைக் கலக்க உட்கார்ந்தாள்.

மஞ்சள், நீலம், ஊசி முனையளவு கறுப்பு. மத்தியானத்துக்குள் நிறம் வந்துவிட்டது. சிவப்பு மேலே ஏறாமல் தடுக்க ஒரு பூச்சு, அதன் மேல் பச்சை நாலு தடவை, கடைசியில் காப்புப் பூச்சு. மறுநாள் அடித்து முடித்தபோது வண்டிக்குள் வேறு காற்று இருப்பது போலத் தோன்றியதாம். குணபாலன் வந்தார், கதவைத் திறந்தார், இடப்பக்கத்து இருக்கையைக் குனிந்து பார்த்தார். இந்த முறை தலையை ஆட்டவில்லை.

"ரெண்டு நாள் யாரும் உக்காரக் கூடாதுங்க. மழை ஈரம், காயறதுக்கு லேட் ஆவும். உக்காந்தா சாயம் துணியில ஒட்டிக்கும். இங்கயே விட்டுட்டுப் போங்க."

"நான் டிரைவர் சீட்டுல துணி போட்டு உக்காந்துக்கிறேன். மத்த சீட்டுல யாரு உக்காரப் போறா?" என்று சொல்லி நாலரை மணிக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கும் மழை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வந்தார். முகத்தில் அவள் பார்க்காத ஒரு சிரிப்பு இருந்தது. "பாரும்மா," என்று இடப்பக்கத்துக் கதவைத் திறந்தார்.

இருக்கையில் சாயம் பெயர்ந்திருந்தது. யாரோ உட்கார்ந்து எழுந்த தடம். இரண்டு தொடைகள் பதிந்த இடத்திலும் முதுகு சாய்ந்த இடத்திலும் பச்சை போய் அடியிலிருந்த மங்கிய சிவப்பு தெரிந்தது. முதுகுத் தடத்தின் நடுவே, மேலிருந்து கீழாக, முறுக்கு முறுக்காக ஒரு கோடு. பின்னல் அழுந்தினால்தான் அப்படிப் பதியும். மதிவதனி தொட்டுப் பார்த்தாள். இருக்கை ஈரமாக இருந்தது.

"யாருங்க உக்காந்தாங்க?"

"அவதான். நேத்து குனிஞ்சு பாத்தா. அப்புறம் ஏறிட்டா. வூட்டு வாசல் வரைக்கும் வந்தா. வண்டிய நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தேன், இல்ல."

அவர் அப்பால் திரும்பியபோது மதிவதனி அவருடைய பேண்ட்டின் பின்பக்கத்தையும் சட்டை முதுகையும் உற்றுப் பார்த்தாள். பச்சை இல்லை. நேற்று மாட்டியிருந்த அதே உடுப்புதான். அப்படியானால் அவ்வளவு சாயமும் எந்தத் துணியில் ஒட்டிக்கொண்டு போனது? அன்று முழுக்க அந்தக் கேள்வி அவளை விடவில்லை. கடைக்கு முன்னால் போகிற பெண்களின் புடவைப் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்ப அடிச்சிடட்டுங்களா?"

"வேணாம். இருக்கட்டும்."

அதற்கப்புறம் ஒரு வாரம் அவர் வரவில்லை. மழை நிற்கவில்லை. பாலாஜியிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "அந்தத் தரைப்பாலத்துல இப்பத் தண்ணி போவுது. ஏரி ரொம்பிடுச்சு. நாங்களே வேன சுத்து ரோட்டுல திருப்பி விடுறோம்," என்றான்.

எட்டாம் நாள் நாலரை மணிக்குக் கார் வந்து நின்றது. குணபாலன் இறங்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு சாவியையும் மடித்த காகிதத்தையும் நீட்டினார்.

"இது வூட்டுச் சாவி. இதுல எம்பொண்ணு த்ரிசலாவோட நம்பர் இருக்குது. வந்தவாசியில டீச்சரா இருக்கா. நாளைக்கு அவகிட்ட குடுத்துடும்மா."

"ஏங்க, நீங்க எங்க போறீங்க?"

"நாலு நாளா மாலினி வூட்டுக்கு வர மாட்டேங்கிறா. வண்டியில ஏறிக்கிறா, ஆனா பாலத்துக்கிட்ட வந்ததும் கீழ கைய காட்டறா. தண்ணிப் பக்கம். எதையோ காட்டறா. இன்னிக்கு எறங்கிப் பாத்துடலாம்னு."

சொல்கிற விதத்தில் பதற்றமே இல்லை.  அந்தப் பச்சையைக் கலந்தது மதிவதனி. அவள் கலக்காமல் இருந்திருந்தால் அங்கே நிற்கிறது நின்றுகொண்டே இருந்திருக்கும், ஏறியிருக்காது.

"நானும் வரேங்க. ஓட்டத்துல கலரு எப்படி நிக்குதுன்னு பாக்கணும்," என்று சொல்லிக் கொட்டகையைக்கூடப் பூட்டாமல் பின் இருக்கையில் ஏறினாள். வெள்ளையம்மாள் எதிர்க்கடையிலிருந்து ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. ஏறியதும் பாலாஜிக்குப் போன் செய்து, தரைப்பாலத்துக்கு வேனை எடுத்துக்கொண்டு வா என்று மட்டும் சொன்னாள்.

வழி நெடுக அவர் பேசவில்லை. கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவைத் தாண்டியதும் ஆள் நடமாட்டம் குறைந்தது. இரண்டு பக்கமும் நெல் வயல் தண்ணீரில் முழுகிக் கிடந்தது. ஐந்தே முக்காலுக்குத் தரைப்பாலம் வந்தது. மேற்கே மேகத்துக்கு அடியில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. பாலத்தின் மேல் முழங்கால் உயரத்துக்குச் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கடை இல்லை, வீடு இல்லை, ஒரு புளியமரம்கூட இல்லை.

அவர் வண்டியை நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. குறுக்கே கை நீட்டி இடப்பக்கத்துக் கதவைத் திறந்தார். மழைச்சாரல் உள்ளே வந்தது. மதிவதனி வெளியே பார்த்தாள். யாரும் இல்லை.

அப்போது அவள் தோளுக்குப் பக்கத்தில், கதவுத் தூணுக்குள்ளிருந்து, 'டக்' என்று ஒரு சத்தம். அந்தக் கால வண்டிகளில் திரும்புவதற்குச் சைகை காட்ட ஒரு சின்னக் கை உண்டு. விளக்கெரிகிற கை. இடப்பக்கத்துக் கை வெளியே நீண்டு மஞ்சளாக எரிந்தது. குணபாலனின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன.

முன் இருக்கை கிறீச்சென்று அழுந்தியது. மதிவதனியின் கண்ணுக்கு எதிரே, முதுகுச் சாய்மானத்தின் தோல் இழுபட்டு ஓரத்தில் சுருக்கம் விழுந்தது. கதவு தானாக மூடிக்கொண்டது.

அதோடு ஒரு வாசனை வந்தது.

வருஷக்கணக்காக ஒன்றும் அறியாத மூக்கு அவளுடையது. அது என்னவென்று புரியவே கொஞ்ச நேரமாயிற்று. உப்புப் போட்டு வேகவைத்த மல்லாட்டை. அப்போதுதான் இறக்கிய சூட்டோடு, ஈரக் காகிதத்தின் மணமும் சேர்ந்து.  

"சரி, சரி," என்றார் குணபாலன், பக்கத்து இருக்கையைப் பார்த்து. கியரைப் போட்டார். ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். சாலையை விட்டு இறங்கி ஏரித் தண்ணீர் விழுகிற பள்ளத்தைப் பார்த்து வண்டி சாய்ந்தது.

ஹேண்ட் பிரேக் இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே இருந்தது. மதிவதனி பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அந்தப் பக்கம் கை நீட்டியபோது இடது முழங்கை எதிலோ இடித்தது. குளிர்ந்த, நனைந்த துணி போல இருந்தது என்று மட்டும் சொன்னாள், அதற்கு மேல் சொல்லவில்லை. வண்டி வழுக்கி, முன்சக்கரம் தண்ணீரில் இறங்கி, குலுங்கி நின்றது. இன்ஜின் அணைந்தது. டிக், டிக் என்ற சத்தம் மட்டும் கேட்டது.

"விடும்மா. அவ கூப்புடறா."

"எதுக்குங்க இங்க எறங்கினாங்க?" அவளுக்கே தெரியாமல் குரல் வந்துவிட்டது. "இங்க கடையே இல்லியே! எப்பவும் இருந்ததில்ல. கொட்டற மழையில இங்க யாருங்க மல்லாட்ட விப்பாங்க? சீட்டுக்குள்ள மல்லாட்டத் தோடு இருந்துச்சு. வாங்கிட்டுத்தான் வண்டியில ஏறியிருக்காங்க. இங்க எதுக்கு எறங்கினாங்க?"

 அவர் பின்னால் திரும்பாமல், பக்கத்து இருக்கையைப் பார்த்தே சொன்னார்.

"பொழுது போயிடுச்சு. எங்க ஜைனங்க வூட்ல பொழுது போனா சாப்புட மாட்டாங்க. நான் ரொம்பக் கண்டிப்பு. அவளுக்குப் பசி. கீழ்பென்னாத்தூர்ல வாங்கின பொட்டலத்தைப் பிரிச்சு உரிச்சுச் சாப்புட்டா. நான் கத்தினேன். அவ சிரிச்சா. எனக்கும் ஒண்ணு உரிச்சு நீட்டினா." நிறுத்தினார். "எறங்குன்னு சொன்னேன். வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சா. எறங்குடின்னேன். எறங்கினா. அவள அங்க விட்டுட்டுப் பாலத்தத் தாண்டிப் போயிட்டேன். அரை மணி நேரம் கழிச்சுத் திரும்பி வந்தேன். தண்ணி ஏறிடுச்சு. நடந்து தாண்டப் பாத்திருப்பா."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"மல்லாட்ட வாங்க எறங்கினான்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். முப்பத்தி ஒரு வருசமா சொல்றேன். மாலினி, நாந்தான் ஒன்ன எறக்கி விட்டேன்."

முன் இருக்கையின் ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக விடுபடுகிற சத்தம் கேட்டது. மெதுவாக எழுந்துகொள்கிறவர்கள் எழுந்தால் கேட்குமே, அப்படி. வெளியே மஞ்சள் கை அணைந்து தூணுக்குள் மடிந்தது. வாசனை போய்விட்டது. கதவு மட்டும் திறக்கவில்லை.

பத்து நிமிஷத்தில் பாலாஜியின் வேன் வந்தது. கயிறு கட்டி இழுத்தார்கள். குணபாலன் வேனில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். மதிவதனி அவர் வீட்டுச் சாவியை அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

மறுநாள் அவரே மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். த்ரிசலா வந்தாள். அப்பாவைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய் நடந்ததை அவர் கையாலேயே எழுதிக் கொடுக்கச் செய்தாள். காணாமல் போனவர் என்று முன்பு எழுதிய காகிதம் அங்கே யாருக்கும் கிடைக்கவில்லை. அங்கே இருந்த அதிகாரி அந்தக் கார்த்திகைக்குப் பிறகு பிறந்தவர். வாங்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகு ஊர் கோயிலில் நாலு பேர் முன்னால் நின்று குணபாலன் அதையே சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை. ஒருவர் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் மாலினியின் தம்பி.

த்ரிசலா அப்பாவை வந்தவாசிக்கு அழைத்துப் போய்விட்டாள். தை மாதம் மதிவதனியிடம் வந்தபோது சொன்னாள், "நான் அவர்கிட்ட பேசறதில்லைங்க. பொழுது சாயறதுக்கு முன்னாடி தட்டு வெச்சிடறேன். அவ்ளோதான் என்னால முடியுது."

அவள் வந்தது காருக்காக. இடப்பக்கத்து இருக்கையில் இருந்த தடத்தை நிரப்பித் தரச் சொன்னாள். மதிவதனி அடித்தாள். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது, மறுநாள் காய்ந்தும்விட்டது. வண்டியை எடுக்க வந்த த்ரிசலா, கொஞ்ச தூரம் கூட வர முடியுமா என்று கேட்டாள். எங்கே என்று மதிவதனி கேட்கவில்லை.

"முன்னாடி உக்காருங்களேன். காஞ்சிடுச்சில்ல?"

"இல்லங்க. நான் பின்னாடியே உக்காந்துக்கிறேன்."

மூன்று மணி வெயிலில் தரைப்பாலம் காய்ந்து கிடந்தது. ஏரித் தண்ணீர் போன வழியில் மணலும் கருவேலஞ் செடியும்தான். எருமை இரண்டு படுத்திருந்தன. த்ரிசலா வண்டியை நிறுத்தி இறங்கிப் பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாள். இருபத்து நாலு காலடி. எண்ணிக்கொண்டே திரும்பி வந்தாள்.

"இவ்ளோ சின்னதாங்க?"



வண்டிக்குள் உட்கார்ந்து, குறுக்கே சாய்ந்து, இடப்பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள் த்ரிசலா. சாவி போட்டபடி இருந்தது. பம்ப் அடித்துக்கொண்டிருந்தது. காத்திருந்தார்கள். காற்றில் கதவு இலேசாக ஆடியது. இருக்கை அசையவில்லை.

"நெஜமா சொல்லுங்க. அன்னிக்கு நீங்க பாத்தீங்களா? மொகத்த?"

"இல்லங்க. சீட்டு அழுந்தினதத்தான் பாத்தேன். மொகம் பாக்கல."

த்ரிசலா தலையை ஆட்டினாள். "எனக்கும் மொகம் ஞாபகம் இல்ல," என்றாள். "அந்த மங்கின போட்டோவுல இருக்கிறதுதான் தெரியும்." கை நீட்டிக் கதவைச் சாத்தினாள். பிறகு இன்ஜினைக் கிளப்பினாள்.